சிஸ்டர், அந்த ஈசிஜி தாளுக்கு நன்றி

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த சிஸ்டருக்கு,

நேரில் நன்றி சொல்ல வந்தேன். நீங்கள் மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

நான்கு வருடமாக எனக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அரை மணியில் தானாக நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஈசிஜி நார்மல். துடிப்பை விடாமல் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் மாட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குப் பார்த்து வரவில்லை. ‘மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க’ என்று ஓரிடத்தில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். நானும் என் மனசில்தான் கோளாறு என்று நம்பிவிட்டேன்.

அன்று மகளுக்குத் தடுப்பூசி போட வந்த இடத்தில் எனக்கு வந்தது. நாடியைப் பிடித்ததுமே என்னைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தீர்கள். நிமிடத்துக்கு 196. துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்த முதல் தாள் அதுதான். “இதைத் தொலைச்சிராதீங்கக்கா” என்று மடித்து என் கையில் வைத்தீர்கள்.

108 வண்டியில் வந்த தம்பி மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, உடனே படுக்கவைத்துக் கால்களைத் தூக்கிப் பிடித்தார். அதற்கு அடங்கவில்லை. அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா, துடிப்பை அடக்கும் அடினோசின் ஊசிக்கு முன்னால், “சில நொடி உயிரே போற மாதிரி இருக்கும்மா, பயப்படாதீங்க” என்றார். அப்படியேதான் இருந்தது. அவர் சொல்லி வைக்காவிட்டால் அந்த நொடிகளைத் தாங்கியிருக்க மாட்டேன். 6 மில்லிகிராமுக்கு அசையாதது 12க்கு அடங்கியது.

அப்புறம் மதுரை. உங்கள் தாளைப் பார்த்ததும் டாக்டர் படம் வரைந்து காட்டினார். மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் இறங்கும் முடிச்சில் எனக்கு இரண்டு பாதைகள்; ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறி, மின்சாரம் அங்கேயே சுற்றுகிறதாம். நான்கு வருடக் கேள்விக்கு ஒரு பேனாக் கோட்டில் பதில் கிடைத்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

தொடை இரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிகளை அனுப்பி, அந்தப் படபடப்பை அவர்களே வரவழைத்து, வேண்டாத பாதையைச் சூட்டால் பொசுக்கினார்கள். நான் விழித்தேதான் இருந்தேன். “இப்போ நெஞ்சு அடிக்கும், நாங்கதான் அடிக்க வைக்கிறோம்” என்று தலைமாட்டில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்த டெக்னீஷியன் அண்ணனை மறக்க முடியாது. காலை மடக்காமல் படுத்திருந்த ராத்திரி முழுக்க என் மகளைத் தன் பிள்ளைகளோடு வைத்துப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவுக்கும் கோடி நன்றி.

அந்தத் தாளில் கோடுகள் மங்க ஆரம்பித்ததால் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். எட்டு மாதமாகிறது. ஒரு தடவைகூட வரவில்லை, சிஸ்டர்.