வெவ்வேறு நிறுவனக் கருவிகளை ஒரே வீட்டில் சேர்ப்பது குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். காரைக்குடியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் கணினி, கைபேசி, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றுக்காக எங்கள் கடையை நாடிவரும் தங்களுக்கு ஒரு பொருளை விளக்கமாக எழுத விரும்புகிறோம். கேமரா ஒரு கம்பெனி, அதன் படத்தைப் பதிவுசெய்து வைக்கும் ரெக்கார்டர் வேறு கம்பெனி, சிங்கப்பூரில் இருக்கும் மகன் கையில் ஐபோன், ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் கையில் ஆண்ட்ராய்டு, இவை எல்லாம் ஒன்றாக வேலை செய்யுமா என்று பலரும் கேட்கிறீர்கள். கடையில் நின்றபடி ஒரே சொல்லில் இதற்கு விடை சொல்வது முறையாகாது என்பதால்தான் இம்மடல்.

எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை. அப்படி வாங்கினால் அமைப்பது எளிது என்பது உண்மை. ஆனால் அந்த நிறுவனம் ஒரு சேவையை நிறுத்தினாலோ கட்டணத்தை உயர்த்தினாலோ வீடு முழுவதும் அதற்குக் கட்டுப்பட்டு நிற்க நேரிடும். கருவிகள் எந்த நிறுவனத்துடையவையாகவும் இருக்கலாம், அவற்றைத் திறக்கும் கணக்குகள் மட்டும் பலர் பெயரில் சிதறிக் கிடக்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

முதலில் கேமராவை எடுத்துக்கொள்வோம்; ஆண்டின் பெரும்பகுதி பூட்டியிருக்கும் வீடுகள் நிறைந்த நம் பகுதியில் அதிகம் கேட்கப்படுவது அதுதான். வெவ்வேறு நிறுவனங்களின் கேமராவும் ரெக்கார்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக ஆக்ஸிஸ், போஷ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்களும் 2008இல் ஆன்விஃப் என்ற பொது அமைப்பைத் தொடங்கின. அதன் வரையறையைப் பின்பற்றும் நெட்வொர்க் கேமராவை, அதே வரையறையைப் பின்பற்றும் வேறொரு நிறுவன ரெக்கார்டரில் சேர்க்கலாம். படம் வரும், பதிவும் ஆகும். ஆனால் ஆள் நடமாட்டத்தைப் பிரித்தறிந்து கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்புவது, கேமரா வழியாகவே எதிரில் நிற்பவரோடு பேசுவது போன்ற வசதிகள் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கேமராவும் ரெக்கார்டரும் சேரும்போதுதான் முழுமையாகக் கிடைக்கும். ஆகவே பதிவு மட்டும் போதும் என்கிற தோட்டப் பக்கத்துக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் எந்த நிறுவனக் கேமராவையும் சேர்க்கலாம். இரவில் எச்சரிக்கை வந்தாக வேண்டிய முகப்புக்கும் பின்கட்டு வாசலுக்கும் ரெக்கார்டரின் நிறுவனத்தையே தேர்ந்துகொள்வது நல்லது என்று நாங்கள் சொல்லிவருகிறோம்.

கேபிள் டி.வி. வயரைப் போன்ற பழைய கோஆக்ஸியல் வயர் ஏற்கெனவே ஓடியிருக்கும் வீடுகளில் நிலை சற்று வேறு. அந்த வயரில் வரும் உயர்தெளிவுப் படத்துக்கே சி.வி.ஐ., டி.வி.ஐ., ஏ.எச்.டி. என்று தனித்தனி முறைகள் உண்டு. இப்போதைய ரெக்கார்டர்களில் பல இம்மூன்றையும் ஏற்கும்; பழையவற்றில் பல ஏற்பதில்லை. புதுக் கேமரா வாங்குவதற்குமுன் ரெக்கார்டரின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படமெடுத்து அனுப்பினால், சேருமா சேராதா என்று பார்த்துச் சொல்கிறோம். சொந்தச் செயலியில் மட்டும் படம் காட்டி, அந்நிறுவனத்தின் சர்வர் வழியாகவே இயங்கும் மலிவான வைஃபை கேமராக்கள் எந்த ரெக்கார்டரிலும் சேராமல் போகலாம் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

இனிச் சொல்லப்போவதுதான் இம்மடலை எழுதியதற்கு முதன்மையான காரணம். நம் பகுதியின் பெரிய வீடுகளில் பல, பங்காளிகள் பலருக்கும் பொதுவானவை. படைப்புக்கோ திருமணத்துக்கோ எல்லோரும் கூடும் நாளில் கேமரா பொருத்தப்படுகிறது. அப்போது அருகில் நிற்பவரின் கைபேசி எண்ணிலோ மின்னஞ்சலிலோ கணக்கு தொடங்கப்படுகிறது. பெரும்பாலான செயலிகளில் கருவிக்கு உரிமையாளர் கணக்கு ஒன்றுதான். மற்றவர்களுக்கு அவர் பகிர்ந்தால்தான் படம் தெரியும். அவர் எண்ணை மாற்றினாலோ, கைபேசியைத் தொலைத்தாலோ, காலமானாலோ, மற்றப் பங்காளிகளின் திரைகள் நாளடைவில் இருண்டுவிடும். ரெக்கார்டரை முழுவதும் அழித்துப் புதிதாகத் தொடங்கலாம் என்றாலும், கணக்கிலிருந்து அதை விடுவிப்பதற்கு நிறுவனத்துக்கு எழுதி, வாங்கிய பில்லைக் காட்டிக் காத்திருக்க வேண்டிவரும். வீட்டுச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்பது பங்காளிகள் அனைவருக்கும் தெரிந்திருப்பதைப் போல, இந்தக் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, கடவுச்சொல் எங்கே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது, ஓ.டி.பி. எந்த எண்ணுக்கு வருகிறது என்ற மூன்றும் குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அதற்காக வீட்டுக்கென்றே தனியாக ஒரு மின்னஞ்சல் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கேமரா, இணைய இணைப்பு, தொலைக்காட்சி, வைஃபை விளக்கு என எந்த நிறுவனப் பொருளானாலும் அந்த ஒரே மின்னஞ்சலில் பதிவு செய்யலாம். ஒரு பொருளை நீக்கிவிட்டு வேறு நிறுவனத்துக்கு மாறும்போதும் அது மாறாது. அதைக் கூகுளின் ஜிமெயிலில் தொடங்கினால் கவனிக்க வேண்டியவை இரண்டு. இரண்டு ஆண்டுகள் யாருமே பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது; ஆகவே பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். அடுத்தது, கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. இடம் மின்னஞ்சல், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது. 2021 ஜூன் 1 முதல் பதிவேற்றும் படங்களும் அந்த 15 ஜி.பி.யில் சேருகின்றன. கல்யாணப் படங்களை அதே கணக்கில் ஏற்றி இடம் நிரம்பிவிட்டால் புதிய மின்னஞ்சல் வராது, கடவுச்சொல்லை மீட்பதற்கான கடிதமும் வராது. வீட்டுக் கணக்கில் படங்களை வைக்காதீர்கள்.

தங்கள் சொந்தக் கணக்குகளையும் தங்களுக்குப் பின் யார் பெற வேண்டும் என்று குறித்துவைக்க வழியுண்டு. கூகுளில் செயலற்ற கணக்குக்கான ஏற்பாடு (Inactive Account Manager) 2013 முதலே இருக்கிறது. ஆப்பிள் 2021 டிசம்பரில் மரபுத் தொடர்பாளர் (Legacy Contact) வசதியைத் தந்தது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது இதைப் பேசத் தயங்குவது இயல்பே. ஆனாலும், ஐயாவின் கைபேசியில் இருக்கும் குடும்பப் படங்கள் பேரப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இப்போதே அமரவைத்துச் செய்துகொடுப்பது நல்லது. கடைக்கு அழைத்துவந்தால் நாங்கள் உடனிருந்து உதவுகிறோம்.

வைஃபை பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளின் கனத்த செங்கற்சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் அலைகளைப் பெரிதும் தடுக்கின்றன. முகப்பில் வைத்த ரவுட்டரின் சிக்னல் நடு முற்றமான வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் மெலிந்துவிடுகிறது. அதைச் சரிசெய்ய, வீடு முழுவதும் வைஃபையைப் பரப்பும் மெஷ் கருவிகளில் ஒரு நிறுவனத்தின் மெஷ் கருவியோடு வேறொரு நிறுவனத்தின் மெஷ் கருவியைச் சேர்த்தால் பெரும்பாலும் இரண்டும் ஒரே வலையாக இணைவதில்லை. ஆனால் கட்டுக்குக் கட்டு நெட்வொர்க் கேபிள் இழுத்து, அங்கங்கே வைஃபை தரும் ஆக்சஸ் பாயிண்ட் வைத்தால் எந்த நிறுவனக் கருவியும் எதனோடும் சேரும். பூக்கல்லையும் சாந்துப் பூச்சையும் துளைக்காமல் உத்தரத்தின் ஓரமாகக் கேபிள் கொண்டுபோவதற்குக் கூலி சற்றுக் கூடும். அந்தச் செலவு தகும் என்பதே எங்கள் எண்ணம். வைஃபை விளக்குகளும் பிளக்குகளும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் என்பதால் ரவுட்டரில் அதை அணைத்துவிட வேண்டாம். ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் ஆகியவை சேர்ந்து ஆதரிக்கும் மேட்டர் என்ற பொது வரையறை 2022 அக்டோபரில் வெளியானது. புதிதாக விளக்கோ பிளக்கோ வாங்குவோர் பெட்டியில் அந்தக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பின் காப்புப் பிரதி ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கிலும், ஐபோனில் ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐக்ளவுடிலும் சேர்கிறது. ஒன்றில் சேர்ந்ததை மற்றதில் நேரடியாக மீட்க முடியாது. உரையாடல்களை மாற்றிக்கொள்ள ஆப்பிளின் இடமாற்றச் செயலி (Move to iOS) 2022 முதல் வழி தருகிறது என்றாலும், புதிய ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும், பழைய போனும் அருகில் இருக்க வேண்டும். பழைய போனை அழித்துத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிட்டுப் பிறகு வந்தால் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. 2017 முதல் ஐபோன்கள் படங்களைச் சேமிக்கும் வடிவம் பழைய விண்டோஸ் கணினிகளில் திறக்காமல் போகலாம். கேமரா அமைப்பில் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும் வடிவத்தைத் (Most Compatible) தேர்ந்தால் அடுத்தடுத்து எடுக்கும் படங்களுக்கு அச்சிக்கல் இராது.

ஆப்பிள் வாட்சுக்கு ஐபோன் கட்டாயம். 2021இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதலான சாம்சங் கேலக்ஸி வாட்சுகள் ஐபோனோடு சேரா. ஆகவே அப்பத்தாவுக்கோ ஆயாவுக்கோ அன்பளிப்பாகக் கைக்கடிகாரம் வாங்குமுன் அவர்கள் வைத்திருக்கும் போன் எது என்று கேட்டுக்கொள்ளவும். இயர்போன்களில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. சார்ஜரைப் பொறுத்தவரை, ஐபோன் 15 வந்த 2023 முதல் ஆப்பிளும் யூ.எஸ்.பி. சி முனைக்கு மாறிவிட்டதால் ஒரே கேபிள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்துகிறது. ஆனால் சில நிறுவனங்களின் அதிவேக சார்ஜிங் அவர்களுடைய சொந்த சார்ஜரும் கேபிளும் இருந்தால்தான் முழு வேகத்தில் நடக்கும்.

இனிமேல் நாங்கள் பொருத்தும் ஒவ்வொரு அமைப்புக்கும், எந்தக் கருவி எந்தக் கணக்கில் பதிவாகியிருக்கிறது, ஓ.டி.பி. எந்த எண்ணுக்கு வரும், எந்தெந்த வசதி மற்ற நிறுவனக் கருவியோடு வேலை செய்யாது என்று தமிழில் எழுதிய ஒரு தாளை உரிமையாளர் கையில் கொடுப்போம். கடவுச்சொற்களை அந்தத் தாளில் தாங்களே எழுதிக்கொள்ள இடம் விடப்பட்டிருக்கும். நாங்கள் அவற்றை வைத்துக்கொள்வதில்லை. ஏற்கெனவே அமைப்பு உள்ளவர்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது ரெக்கார்டரின் பில்லையும், கணக்கு இருக்கும் கைபேசியையும், முடிந்தால் அக்கைபேசிக்கு உரியவரையும் அழைத்துவந்தால் அதே தாளைத் தங்களுக்கும் கட்டணமின்றித் தயாரித்துத் தருகிறோம். விசேஷ நாட்களில் கூட்டம் அதிகம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்,
காரைக்குடி.