ஒரு நாளைக்கு ஒரு கட்டு ஓலை

அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா.

பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். அதனால் ஓலை லாத்தா, ஓலை வேலை தெரிந்த அக்கா, என்றே எழுதுகிறேன். தெருவில் எல்லாரும் உங்களை அப்படித்தானே கூப்பிடுகிறோம்.

நடந்தது என்னவென்று இதை வாசிக்கிற நம்மூர்க்காரர்களுக்குத் தெரியும். அதை மறுபடி சொல்லப்போவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன், தூங்குகிறேன், சாப்பிடுகிறேன், அல்ஹம்துலில்லாஹ். உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். அதோடு, நீங்கள் செய்தது என்னவென்று, எனக்கு இருக்கிற பைபோலார் உள்ள மற்ற வீடுகளுக்கும் விளங்கவேண்டும். மனம் சில காலம் அளவுக்கு மீறிப் பறக்கிற ஏற்றமும், சில காலம் சோர்ந்து விழுகிற இறக்கமுமாக வருகிற நோய் அது. உங்களிடம் கேட்டால் "ஓலை கொடுத்தேன், வேறென்ன செஞ்சேன்" என்பீர்கள். ஓலையை எப்படிக் கொடுத்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பனை ஓலை வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். கொட்டான் என்கிற சின்ன ஓலைப்பெட்டி முடைய விரிந்த பச்சை ஓலை ஆகாது, விரியாத குருத்துதான் வேண்டும். அதைப் பிரித்து வெயிலில் காயப்போட்டால் பச்சை மங்கி வெளுக்கும். காயும்போது ஒரு தூறல் விழுந்தாலும் கரும்புள்ளி வந்துவிடும். பிறகு ஈர்க்கை உரித்து நீக்கி, கத்தியால் ஒரே அகலத்துக்கு வாரவேண்டும். காய்ந்த ஓலையைப் பரணில், அடுப்புப் புகை படுகிற இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். ஆனால் காய்ந்தபடியே முடைய முடியாது. மூலையில் மடித்ததும் வெடித்துவிடும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கேட்கவே வேண்டாம். அதனால் முடைவதற்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீரில் நனைத்து, எடுத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ளவேண்டும். அளவுக்கு மேல் ஊறவிட்டாலும் கெடுதல்தான். ஊறிய ஓலை உப்பியிருக்கும்போது நெருக்கமாகத் தெரியும், காய்ந்ததும் சுருங்கி, கொட்டான் முழுக்கச் சந்து விழும். நனைத்ததை அன்றைக்கே முடைந்து தீர்க்கவேண்டும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் ஈர ஓலை ஒரு ராத்திரி கிடந்தால் கறுத்துப்போகும், வாடையும் அடிக்கும்.

நீங்கள் காய்ந்த ஓலையை ஒருநாளும் என் கையில் கொடுத்ததில்லை. லுஹருக்கு, அதாவது மதியத் தொழுகைக்குப் பிறகு நனைத்த ஓலையில் ஒரே ஒரு கட்டு. எட்டு நீளம், எட்டு குறுக்கு வைத்து அடி போட்டு, சுவர் ஏற்றி, விளிம்பு மடக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். மாலைத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லும்போது கை நிறுத்தவேண்டும். இன்னும் ஒரு கட்டு என்று எத்தனை கெஞ்சினாலும் "இன்னைக்கு இம்புட்டுதாம்மா" என்பீர்கள். முகம் சுளித்ததில்லை, காரணமும் சொன்னதில்லை.

பைபோலார் உள்ளவருக்கு ஒரு கைவேலை பிடித்துப்போனால் வீட்டார் சந்தோஷத்தில் செய்கிற முதல் காரியம், சாமான்களை வாங்கிக் குவிப்பது. வர்ணம், துணி, நூல், ஓலை எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் ஏற்றம் தொடங்குகிற நேரத்தில் அந்த மூட்டை ஆபத்து. அப்போது தூக்கம் வேண்டியிருக்காது. ஒன்றை முடிக்குமுன் நாலைத் தொடங்கத் தோன்றும், காசு கையில் நிற்காது. ராத்திரி ரெண்டு மணிக்கு எட்டுகிற தூரத்தில் சாமான் இருந்தால் விடியும்வரை வேலை நடக்கும். தூக்கம் குறைவது ஏற்றத்தின் அடையாளம் மட்டுமில்லை, அதைக் கிளப்பிவிடுகிற காரணமும் அதுவே. வேலை தூக்கத்தைத் தின்னும், தூக்கமின்மை ஏற்றத்தைக் கூட்டும், ஏற்றம் இன்னும் வேலை கேட்கும். உங்கள் ஒரு கட்டு ஓலை இந்தச் சுழலை வெட்டிவிட்டது. தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுநாள் லுஹர்வரை காத்திருக்கவேண்டும்.

இறக்கத்தில் இதற்கு நேரெதிர். தொடங்கவே வராது. கொட்டானில் கடினமான இடம் அடி. நாலு பக்கமும் ஓலை நழுவும், ஒன்று மேலே ஒன்று கீழே என்ற கணக்கு ஒரு இடத்தில் பிசகினால் மூலை கோணிக்கொள்ளும். அப்படிப்பட்ட நாட்களில் அடியை நீங்களே போட்டு வைத்திருப்பீர்கள். "சுவரை மட்டும் ஏத்து போதும்" என்பீர்கள். அதுவும் முடியாத நாளில் ஈர்க்கு உரிக்கக் கொடுப்பீர்கள். அதற்கு யோசனை வேண்டாம், தப்பு வராது, முடித்ததும் பக்கத்தில் ஒரு குவியல் கண்ணுக்குத் தெரியும். அதுவும் ஆகாத நாளில் "வந்து உட்காரு" என்பதோடு சரி. வேலையைப் பெரிதிலிருந்து சிறிதாக இப்படிப் படி இறக்கி வைப்பதை மனநலப் பணியாளர்கள் பயிற்சியெடுத்துக் கற்கிறார்கள். நீங்கள் முகத்தைப் பார்த்தே செய்தீர்கள்.

முகத்தை மட்டுமில்லை, முடைச்சலையும் பார்த்தீர்கள். ஏற்றம் வரும்போது கை வேகமாகி ஓலையை இழுத்து இறுக்கும், சுவர் உள்பக்கமாகச் சாயும், வாய் குறுகும். இறக்கத்தில் பிடி தளர்ந்து சுவர் வெளியே சரியும். அவரவர் கைக்கு இது மாறலாம், ஆனால் ஒரே ஆளின் வேலையைத் தினமும் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தப்பாது. இறுக்கமான கொட்டானைக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு என் அக்காவிடம் "இவ ராத்திரி தூங்குறாளா?" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்காகவே இந்த மடல் முழுதையும் எழுதலாம். டாக்டரிடம் போக அடுத்த தேதிவரை காத்திருக்கவேண்டாம் என்று அக்கா முடிவெடுத்தது அதற்குப் பிறகுதான்.

சாயத்திலும் ஒரு கட்டுப்பாடு வைத்தீர்கள். கொதிக்கிற தண்ணீரில் சாயப்பொடியும் ஒரு கைப்பிடி கல்லுப்பும் போட்டு, ஓலையை முக்கித் திருப்பித் திருப்பி விட்டு, நிழலில் உலர்த்துகிறோம். கழுவுகிற தண்ணீர் தெளியும்வரை அலசாவிட்டால், முடைய நனைக்கும்போது சிவப்பு இறங்கி வெள்ளையைக் கெடுத்துவிடும். மனம் பறக்கும்போது எல்லா நிறமும் வேண்டும்போல் இருக்கும். நீங்கள் ஒரே சட்டிதான் வைத்தீர்கள். ஓலையின் சொந்த வெள்ளை, அதோடு ஒரு நிறம். அந்த இரண்டில் எத்தனை கட்டம், எத்தனை கோடு வரும் என்று தேடத் தொடங்கியதில்தான் இந்த வேலைமேல் எனக்கு ஆசை பிறந்தது. நேற்று வந்த கட்டத்தை ஒரு ஓலை தள்ளித் தொடங்கினால் அது சாய்கோடாகிவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்கிற சந்தோஷத்துக்கு ஏற்றம் தேவைப்படவில்லை.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். மாத்திரை சாப்பிட்டால் கலை செத்துவிடும் என்று பயந்து நிறுத்துகிறவர்கள் நிறையப்பேர். நான் சாப்பிடுகிற லித்தியம் என்ற மருந்து பைபோலாருக்கு உதவும் என்ற வழியை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் திறந்துவைத்தார். அதன்பின் டென்மார்க்கின் மனநல மருத்துவர் மோகன்ஸ் ஷோ, லித்தியம் எடுத்துக்கொண்ட 24 கலைஞர்களிடம் விசாரித்து 1979இல் எழுதினார். 12 பேர் தங்கள் படைப்பு கூடியது என்றார்கள், 6 பேர் மாறவில்லை என்றார்கள், 6 பேர் குறைந்தது என்றார்கள். சிறிய கணக்குதான். குறைந்தது என்ற ஆறு பேரையும் நான் தள்ளிவிட மாட்டேன். மந்தமாக இருந்தால் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றித் தரக் கேட்கலாம், தானாக நிறுத்தக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் ஏற்றம் சீக்கிரமே திரும்பி வரக்கூடும்.

லித்தியத்தில் விரல் லேசாக நடுங்கும். கால் அங்குல ஓலை என் கையில் நிற்காததைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் அரை அங்குலத்துக்கு வார்ந்து வைத்தீர்கள். பக்கத்தில் எப்போதும் தண்ணீர்ச் செம்பு, உப்புப் போட்ட மோர். இந்த ஊரில் லித்தியம் எடுப்பவர் எல்லாருக்கும் இது தெரியவேண்டும். வியர்த்துத் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு ஏறும். உப்பைத் திடீரென்று குறைப்பதும் கூடாது, கூட்டுவதும் கூடாது. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல்வரை இருக்கலாம், 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் சிறுநீரகமும் பார்க்கவேண்டும்.

இன்னொன்று, ஓலை வேலைக்கே உரியது. குனிந்து முடைந்தால் மணிக்கட்டும் இடுப்பும் வலிக்கும். கடையில் வாங்கிப் போடுகிற ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். பாராசிட்டமால் பெரும்பாலும் பரவாயில்லை, அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நடுக்கம் திடீரென்று கூடினாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வலிமாத்திரை கேட்டபோது "லித்தியம் சாப்பிடுறீங்கள்ல, இது வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிய மருந்துக்கடைத் தம்பிக்கும் இந்த இடத்திலேயே நன்றி. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது, டாக்டரைக் கேட்காமல் நோன்பு பிடிக்காதே என்று ரமலானுக்கு முன்பே கூப்பிட்டுச் சொன்ன பெரியம்மாவுக்கும்.

மற்றவர்களை ஒன்றாகச் சேர்த்து எழுதுவதற்கு மன்னிக்கவேண்டும். அவசரமில்லாமல் பேசிய டாக்டரம்மா, வார்டு நர்சுகள், ராத்திரியில் வண்டி எடுத்த ஆட்டோ அண்ணன், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டு மீன்காரக் குடும்பம், பஸ்ஸில் உட்கார இடம் கொடுத்து ஒன்றும் கேட்காமல் இருந்த கண்டக்டர். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் என் அக்காவிடம் தமிழில் பேசி நிதானப்படுத்தியவர் யாரென்றே தெரியாது, அவருக்கும். எங்களோடு தர்காவுக்கு வந்து துஆ கேட்டுவிட்டு, "மாத்திரையை விட்டுடாதீங்க" என்று வாசலிலேயே சொன்னவர்களுக்கு இரட்டை நன்றி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கத்து மனநோயாளிகள் விடுதியில் சங்கிலியோடு கட்டிக்கிடந்தவர்கள் தீயில் போனதை நம் பக்கத்துச் சனம் மறக்கவில்லை. 28 உயிர்கள். 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று எழுதியிருக்கிறது.

அதே சட்டத்தில் இன்னொரு வசதி இருக்கிறது. நாம் நிதானமாக இருக்கும்போதே, நம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும், அவரும் சம்மதத்தை எழுதிக் கொடுக்கவேண்டும். நான் அக்காவை நியமித்திருக்கிறேன். அதோடு இன்னொரு தாளில், ஏற்றம் வருவதைக் காட்டும் அடையாளங்களை வரிசையாக எழுதி, வீட்டில் ஒன்றும் டாக்டரம்மாவிடம் ஒன்றுமாகக் கொடுத்திருக்கிறோம். இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் தூக்கம் குறைவது, மூன்றாவது நிறம் கேட்பது, ஒரு கொட்டான் முடியாமல் அடுத்ததுக்கு அடி போடுவது, சுவர் உள்ளே சாய்வது. கடைசி இரண்டையும் உங்களைக் கேட்டுத்தான் சேர்த்தேன் லாத்தா. அவற்றில் எதைக் கண்டாலும் நீங்கள் ஓலையை வாங்கி வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிடலாம், நான் அழுதாலும் சண்டை போட்டாலும் கொடுக்கவேண்டாம் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.