நாலு சாட்சி, ஏழு வார்த்தை

டேய் முத்து,

எப்படிடா இருக்க. வீட்ல தங்கச்சிக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டதும் தான் நிம்மதி, சொட்டு மருந்த நேரத்துக்கு விடு, உன்ன நம்பி ஒரு பூந்தொட்டிக்கு தண்ணி ஊத்த விட முடியாதுன்னு ஹாஸ்டல் காலத்துலயே தெரியும். எனக்கு அதே முட்டி வலி தான், மாடிப்படிய பாத்தாலே சாமி கும்பிடத் தோணுது.

அன்னைக்கு போன்ல நீ கேட்டதுக்கு பாதியில விட்டுட்டேன், பேரன் போனப் பிடுங்கிட்டான். உங்க நாலு சுவிசேஷமும், அதான் இயேசுவோட கதையச் சொல்ற மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நாலு புத்தகமும், ஒண்ணுக்கொண்ணு இடிக்குதாமேன்னு கேட்டுட்டு நீயே ஆறுதலும் சொன்ன, நாலு சாட்சி நாலு விதமா சொன்னாத்தான்டா நெசம், வார்த்த பிசகாம ஒண்ணு போல சொன்னா வக்கீல் சொல்லிக் குடுத்ததுன்னு அர்த்தம்னு. முப்பது வருஷம் கோர்ட்ல கட்டு தூக்குனவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எனக்கும் கேக்க சுகமா இருந்துச்சு. ஆனா அது இங்க பொருந்தாதுடா. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும், காப்பி போட்டு வச்சுக்கிட்டு படி.

இந்த வருஷம் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைல என்னைய பேசச் சொல்லிட்டாங்க. உனக்குத் தெரியாதுல்ல, மதியம் 12 மணில இருந்து 3 மணி வரைக்கும், சிலுவைல இயேசு சொன்ன ஏழு வார்த்தைய ஏழு பேர் ஆளுக்கு ஒண்ணா எடுத்துப் பேசுவாங்க. எனக்கு வந்தது நாலாவது, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்." சின்ன வயசுல இருந்து கேட்டது தான், அம்பது பெரிய வெள்ளியாவது பாத்திருப்பேன். ஆனா தயார் பண்ண உக்காந்தப்ப தான் ஒண்ணு உறைச்சுது, இந்த ஏழையும் ஒண்ணா எந்த சுவிசேஷத்துலயும் பாக்க முடியாது. மாற்குலயும் மத்தேயுலயும் இருக்கறது இந்த ஒண்ணே ஒண்ணு தான். லூக்கால வேற மூணு, யோவான்ல இன்னொரு மூணு. கூட்டிக் கட்டித்தான் ஏழு. லூக்காவோட இயேசு "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்"னு அமைதியா போறாரு, யோவான்ல "முடிந்தது"ன்னு வேலைய முடிச்ச ஆள் மாதிரி தலைய சாய்க்கிறாரு. மாற்குலயும் மத்தேயுலயும் தான் கைவிட்டுட்டியேன்னு கதறிட்டு, இன்னொரு தடவ வாய்விட்டு அலறிட்டு செத்துப் போறாரு. கூட அறைஞ்ச ரெண்டு பேரும் திட்டுறாங்க, மனம் திரும்புன நல்ல கள்ளன் லூக்கால மட்டும் தான்.

இப்ப உன் சாட்சி கதைக்கு வரேன். நாலு பேரும் தனித்தனியா கூண்டுல ஏறி சொல்லியிருந்தா நீ சொன்னது சரி. ஆனா ஆராய்ச்சி பண்றவங்க 200 வருஷமா வரிக்கு வரி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து சொல்றது என்னன்னா, மாற்கு தான் முதல்ல எழுதுனது, ஏறக்குறைய கி.பி. 70, எருசலேம் தேவாலயத்த ரோமன்காரன் இடிச்ச சமயம். மத்தேயுவும் லூக்காவும் பத்து இருபது வருஷம் கழிச்சு அத முன்னாடி வச்சுக்கிட்டே எழுதுனது, பெரும்பாலானவங்க ஒத்துக்கிறது இது. மாற்குல இருக்கறதுல பத்துக்கு ஒம்பது பங்கு மத்தேயுல இருக்கு. எப்படி காப்பின்னு சொல்றாங்கன்னு கேப்ப, உன் தொழில் புத்தி எனக்குத் தெரியாதா. மாற்கு 13ல இயேசு பேசிக்கிட்டே இருக்கும்போது நடுவுல "வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்"னு ஒரு வரி வருது. பேசுறவர் எப்படிடா வாசிக்கிறவன்னு சொல்லுவாரு? அது எழுதுனவர் படிக்கிறவனுக்கு சொல்ற குறிப்பு. அதே குறிப்பு மத்தேயு 24லயும் அதே இடத்துல இருக்கு. ரெண்டு ஸ்டேட்மென்ட்ல ஒரே இடத்துல ஒரே ரைட்டரோட கைவரிசை இருந்தா நீ என்ன முடிவு பண்ணுவ?

காப்பி அடிச்சாங்கன்னு மட்டும் சொல்லி விட்டுட முடியாது, திருத்தவும் செஞ்சிருக்காங்க. சொந்த ஊர்ல இயேசுவுக்கு என்ன ஆச்சுன்னு மாற்கு எழுதும்போது அற்புதம் "செய்யக்கூடாமல்" போச்சுன்னு எழுதுறாரு, அதாவது முடியல. மத்தேயு அத எடுத்து "அநேக அற்புதங்களைச் செய்யவில்லை"ன்னு மாத்துறாரு. முடியலங்கறது செய்யலன்னு ஆயிருச்சு. நம்ம தமிழ் பைபிள்லயே இது அப்படியே கெடக்கு, எத்தன தடவ படிச்சும் என் கண்ணுல படல, வாத்தியார் வேல பாத்து என்ன பிரயோஜனம்.

அப்ப எல்லாம் கப்சான்னு முடிவு கட்டிராத, யூடியூப்ல அந்த ஆளுங்களும் இருக்காங்க, இயேசுன்னு ஒரு ஆளே கிடையாதுன்னு. அத இந்தத் துறைல உள்ளவங்க, கடவுள் நம்பிக்கை இல்லாதவங்க கூட, அநேகமா ஏத்துக்கறதில்ல. ஆரம்ப காலத்து சபைகள்ல ஊர் ஊரா பிரசங்கம் பண்ணுன பவுல் எழுதுன கலாத்தியர் கடிதம் மாற்குக்கும் முந்தினது, அதுல எருசலேமுக்குப் போய் இயேசுவோட முக்கியமான சீஷன் பேதுருகூட பதினஞ்சு நாள் தங்குனேன், கர்த்தரோட சகோதரன் யாக்கோபையும் பாத்தேன்னு போற போக்குல சொல்றாரு. இல்லாத ஆளுக்கு தம்பி இருப்பானா? யோசேப்பஸ்னு யூத சரித்திரக்காரர் 93, 94 வாக்குல அதே யாக்கோபு கொலையானத எழுதுறாரு. இயேசுவுக்கு சிலுவைத் தண்டனை குடுத்த ரோமன் கவர்னர் பிலாத்து, அவன் பேர் போட்ட கல்லே 1961ல இஸ்ரேல் கடலோரத்துல செசரியாங்கற ஊர்ல தோண்டி எடுத்திருக்காங்க.

பிலாத்துன்னதும் இன்னொண்ணு. யோசேப்பஸும், பிலாத்து காலத்துலயே இருந்த யூத அறிஞர் பிலோவும் எழுதுனதப் பாத்தா அவன் ஈவு இரக்கம் இல்லாத ஆளு. ஆனா சுவிசேஷத்துல வரிசையா பாத்துக்கிட்டே வா, போகப் போக நல்லவனாயிட்டே போறான், மத்தேயுல கை கழுவுறான், பழிய கூட்டம் எங்க மேலயும் எங்க பிள்ளைங்க மேலயும் வரட்டும்னு வாங்கிக்குது. அந்த ஒரு வரிய வச்சு ஐரோப்பால யூதங்கள எத்தன நூத்தாண்டு அடிச்சாங்கன்னு உனக்கே தெரியும். இதெல்லாம் சும்மா வேத பண்டிதனுங்க பொழுதுபோக்குன்னு நெனச்சிட்டிருந்தேன், இங்க வந்ததும் தான் நிமிந்து உக்காந்தேன்.

சிரிக்க ஒரு கதை சொல்றேன், பென்ஷன்காரனுக்கு பிடிக்கும். ஜெர்மனில ஸ்ட்ராஸ்னு ஒருத்தர், 27 வயசுல, 1835ல, இயேசுவோட வாழ்க்கைய ஆராய்ஞ்சு பெரிய புத்தகம் போட்டாரு. அற்புதம் எல்லாம் பொய்யும் இல்ல நடந்ததும் இல்ல, அந்த ஜனங்களோட நம்பிக்கை கதையா உருவெடுத்ததுன்னாரு. டூபிங்கன்ல இருந்த வேல போச்சு. 1839ல சுவிட்சர்லாந்துல சூரிச் யுனிவர்சிட்டில பேராசிரியர் வேல குடுத்தாங்க, ஊரே கொந்தளிச்சுது, கடைசில வகுப்புல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே பென்ஷன் குடுத்து அனுப்பிட்டாங்க. ஒரு நாள் வேல பாக்காம பென்ஷன்டா! அப்பவும் கோபம் அடங்காம செப்டம்பர்ல கிராமத்து ஆளுங்க ஆயுதத்தோட வந்து அந்த அரசாங்கத்தையே கவுத்துட்டாங்க.

சரி என் கதைக்கு வரேன். ரெண்டு வாரம் மாற்குவ மட்டும், மத்த மூணையும் மூடி வச்சுட்டு, ஒரே மூச்சுல ரெண்டு தடவ படிச்சேன். அப்ப தான் அந்தக் கதறல் எவ்வளவு பயங்கரம்னு தெரிஞ்சுது. சீஷங்க ஓடிட்டாங்க, பேதுரு தெரியாதுன்னுட்டான், பொண்ணுங்க தூரத்துல நிக்காங்க, ஆறுதலா ஒரு சொல்லு சொல்ல ஒருத்தன் இல்ல. நாங்க என்னடான்னா மூணு வார்த்தைய முன்னால போட்டு மூணு வார்த்தைய பின்னால போட்டு அந்தக் கதறல பஞ்சுல பொதிஞ்சு வச்சுட்டோம். இயேசு நெசமாவே அப்படிக் கத்துனாரான்னா அதயும் அடிச்சுச் சொல்ல முடியாது, அது பழைய ஏற்பாட்டுல இருக்கற ஜெபப் பாட்டுல ஒண்ணு, 22ஆம் சங்கீதத்தோட முதல் வரி, சிப்பாய்ங்க இயேசுவோட துணிய சீட்டுப் போட்டுப் பங்கு போட்டதும் அதே சங்கீதத்துல இருக்கு, மாற்கு அத வச்சே காட்சிய நெய்திருக்கலாம்னு சொல்றாங்க. ஆனா தான் நம்புற மேசியாவப் பத்தி, அதான் கடவுள் அனுப்புன ரட்சகரப் பத்தி, இப்படி ஒரு தர்மசங்கடமான வரிய யாரு சும்மா எழுதுவா, லூக்காவே எடுத்துட்டாரேன்னும் தோணுது. நான் ரெண்டாவது கட்சி. நிரூபிக்கச் சொன்னா கைய விரிச்சிருவேன்.

இதுல பாதிய ஆராதனைல சொல்லிட்டேன். லூக்கால இந்த வார்த்த இல்லன்னு சொன்னதுக்கே ஒரு பெரியவர் கதவுகிட்ட பிடிச்சுக்கிட்டாரு, வாத்தியாரே மூணு மணி நேரம் பசியோட உக்காந்தவங்ககிட்ட இதயா சொல்லுவீங்கன்னு. நல்ல வேள, முதல் வார்த்த "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்"ங்கறது வத்திக்கான் கையெழுத்துப் பிரதி மாதிரி ரொம்பப் பழைய சில பிரதிகள்லயே இல்லங்கறத நான் வாயத் தொறக்கல. அந்த வார்த்தையப் பேசுன தம்பி அவ்வளவு உருக்கமா பேசியிருந்தான்.

எனக்கு விசுவாசம் போச்சான்னு கேக்காத, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய்ட்டு தான் இருக்கேன், அதே மூணாவது பெஞ்சு, பேன் காத்து வர்ற இடம்.

கடைசியா உன்கிட்ட தான் ஒரு கேள்வி. மாற்கு எங்க முடியுது தெரியுமா? ரொம்பப் பழைய ரெண்டு முழுப் பிரதிகள்ல 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோட நின்னுடுது. கல்லறைக்குப் போன பொண்ணுங்க நடுங்கிப் போய் ஓடுறாங்க, "பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்," அவ்வளவு தான். உயிர்த்த இயேசு வந்து நிக்கிறதே இல்ல. மிச்சம் 12 வசனம் பின்னால யாரோ சேத்தது. அவர் வேணும்னே அங்க நிறுத்துனாரா, இல்ல கடைசித் தாளு கிழிஞ்சு போச்சான்னு இன்னமும் அடிச்சுக்கிறாங்க. நீ எத்தன கட்டு பாத்திருப்ப, கடைசிப் பக்கம் கிழிஞ்ச கட்டுக்கும், எழுதுனவன் அதோட பேனாவ மூடி வச்ச கட்டுக்கும் பாத்ததும் வித்தியாசம் தெரியுமாடா? யோசிச்சு எழுது. போன் வேணாம், பேரன் பிடுங்கிருவான்.

உன்
தாசன்