பிள்ளைகளின் ஆர்டுயினோ போர்டும் வீட்டுப் பற்றரியும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மாரி மழைக்கு முன் மழைமானி ஒன்று செய்து பாடசாலை முற்றத்தில் வைக்க எங்கள் விஞ்ஞானக் கழகப் பிள்ளைகள் முயல்கிறார்கள். கணினியில் எழுதிய கட்டளைகளின்படி இயங்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய மின்சுற்றுப் போர்டில்தான் அது ஓடுகிறது. ஆய்வுகூடத்தில் கணினியின் யுஎஸ்பி வயரே போதும். முற்றத்துக்குக் கொண்டுபோனால் பற்றரி வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன கிழமை தரம் 10 மாணவர் ஒருவர் வீட்டில் வள்ளத்து 12 வோல்ற் பற்றரியை எடுத்து, போர்டில் 5 வோல்ற் என்று குறித்த துளையில் கொடுத்துவிட்டார். புகை வந்து போர்டு போய்விட்டது. பிள்ளைக்குக் காயம் எதுவும் இல்லை. அவரை ஏச வேண்டாம் என்று வீட்டாரிடம் சொன்னேன். முன்கூட்டியே சொல்லிக் கொடுக்காதது எங்கள் பிழை.

அந்தத் துளை போர்டின் மூளையான சிப்புக்கு நேரே போகிறது, வோல்ற்றளவைக் குறைக்க நடுவில் எதுவும் இல்லை. சிப்போ 6 வோல்ற்றுக்கு மேல் தாங்காது. போர்டின் ஓரத்தில் உள்ள வட்டச் சொக்கெற்றில் 7 முதல் 12 வோல்ற் வரை கொடுக்கலாம், நடுமுனை நேர் (+) முனையாக இருக்க வேண்டும். அங்கே போர்டு அதை 5 வோல்ற்றாகக் குறைத்துக்கொள்ளும். ஆனால் 12 வோல்ற் கொடுத்தால் மிஞ்சும் 7 வோல்ற்றும் சூடாகத்தான் வெளியேறும். போர்டு 0.2 அம்பியர் இழுத்தால் அது 1.4 வாற்று. தொட்டால் கை சுடும்.

போர்டு போனது எனக்குப் பெரிய விஷயமில்லை. என்னைப் பயமுறுத்துவது அந்தப் பற்றரி. வள்ளம், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் பற்றரிகளின் இரண்டு முனைகளும் ஒரு வயரால் தொட்டுக்கொண்டால் பல பத்து அம்பியர் பாய்ந்து, மெல்லிய வயர் நொடியில் சிவந்து எரியும். பியூஸ் இல்லாமல் பிள்ளைகள் அதில் எதையும் இணைக்கவே கூடாது.

பழைய லப்டொப் பற்றரியை உடைத்து உள்ளே இருக்கும் லித்தியம் கலங்களை எடுப்பதும் நடக்கிறது. தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஒரு கலம் நிறைந்தால் 4.2 வோல்ற். அதற்கு மேல் ஏற்றினாலோ, துளைத்தாலோ, முனைகள் தொட்டாலோ தீப்பிடிக்கும். வீங்கிய கலத்தைக் கண்டால் சார்ஜ் செய்யாமல், துணி, மெத்தை இல்லாத இடத்தில் தனியே வையுங்கள்.

சரி, எதைக் கொடுப்பது? வீட்டில் போனுக்கு வைத்திருக்கும் பவர் பாங்க்தான் என் தெரிவு. அது 5 வோல்ற் தரும், உள்ளேயே பாதுகாப்புச் சுற்று இருக்கும், யுஎஸ்பி வயரில் நேரே கொடுக்கலாம், நேர் எதிர் மாறவும் வழியில்லை. போர்டு இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சில பவர் பாங்க்குகள் தாமாகவே அணைந்துவிடும், அது பழுதில்லை. இல்லாவிட்டால் டோர்ச்சுக்குப் போடும் 1.5 வோல்ற் கலங்கள் ஆறைத் தொடராக வைத்து 9 வோல்ற்றை அந்த வட்டச் சொக்கெற்றில் கொடுக்கலாம். சதுரமான சின்ன 9 வோல்ற் பற்றரியைப் பிள்ளைகள் விரும்புவார்கள், ஆனால் மோட்டார் பூட்டினால் கொஞ்ச நேரத்தில் சோர்ந்துவிடும், காசு வீண்.

இன்னொன்று, நம் ஊர்க் கடற்காற்று. உப்பும் ஈரமும் பட்டால் பற்றரிப் பெட்டியின் முனைகள் பச்சை பிடித்துவிடும். மழைமானியின் பெட்டியை இறுக மூடி வைக்கவும், இணைக்குமுன் மல்ரிமீற்றரால் வோல்ற்றளவையும் நேர் எதிரையும் பார்க்கவும் கழகத்தில் பழக்குகிறோம்.

வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்கு ஆய்வுகூடத்தில் இதைச் செய்துகாட்டுவோம். பிள்ளையோடு நீங்களும் வாருங்கள், வீட்டில் பாவிக்கும் பவர் பாங்க்கையும் வயரையும் கொண்டுவந்தால் அங்கேயே சோதித்துத் தருவோம். அதுவரை வீட்டில் எந்தப் பற்றரியையும் போர்டில் இணைக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்
திருகோணமலை