போர்வை தைத்தவர்களின் பெயரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தலவாக்கலையில் எமது தையல் வகுப்பினர் வைத்த ஒட்டுத்துணிப் போர்வைக் கண்காட்சியைப் பற்றித் தங்கள் பத்திரிகை படத்துடன் செய்தி வெளியிட்டமைக்கு முதற்கண் நன்றி கூறுகின்றேன். தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் கைவேலைக்குப் பத்திரிகையில் இடம் கிடைப்பது எளிதன்று என்பதை நான் அறியாதவளல்லள். ஆயினும் அந்தப் பத்திரிகையை வகுப்பில் எல்லோருமாகச் சுற்றியிருந்து வாசித்தபோது, மூத்த மாணவி ஒருவர், "டீச்சர், விளக்கேத்தின ஐயாமார் பேரெல்லாம் பட்டத்தோட இருக்கு, தைச்ச எங்க பேர் எங்க?" என்று கேட்டார். விருந்தினர் அறுவரின் பெயரும் என் பெயரும் அச்சாகியிருந்த அச்செய்தியில், போர்வைகளைச் செய்தவர்கள் "தோட்டப் பெண்கள்" என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கியிருந்தார்கள். அவர்களுள் ஓய்வுபெற்ற ஆண் ஒருவரும் இருக்கிறார் என்பது வேறு விடயம். தங்கள் நிருபரைக் குறை சொல்வது என் நோக்கமன்று; மேடையில் வாசித்த நிகழ்ச்சிநிரலையே அவர் எழுதிக்கொண்டு போயிருப்பார். செய்தியில் விடுபட்டதை வாசகர்கள் அறியவேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகின்றேன்.

செய்தியின் தலைப்பு இவற்றைக் "கழிவுத் துணிப் போர்வைகள்" என்றது. ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் கட்பீஸ் (வெட்டி மிஞ்சிய துணித்துண்டு) மூட்டைகளை நாங்கள் கிலோக் கணக்கில் பணம் கொடுத்தே வாங்குகின்றோம். மூட்டையைப் பிரித்தால் பாதிக்கு மேல் பனியன் துணியாகவே இருக்கும். அது இழுபடும் என்பதால் ஒதுக்கிவிட்டு, பருத்தியை மட்டும் பொறுக்கி, சாயம் இறங்காதிருக்க ஊறவைத்துக் கழுவி, மடிப்பெடுத்து, நெசவின் நேர் பார்த்து வெட்டியெடுக்கவே சில மாலைகள் போய்விடும். மற்றத் துணிகள் அவரவர் வீட்டுப் பெட்டிகளிலிருந்து வந்தவை: அம்மாவின் சேலை, பிள்ளையின் சீருடை, கணவரின் சாரம். வேண்டாமென்று எறிந்த துணி எதுவும் அவற்றில் இல்லை.

கண்காட்சியில் எல்லோரும் முதலில் போய் நின்றது, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஒருவரின் போர்வைக்கு முன்னால்தான். நடுவில் ஒரு சிறு சதுரத்தை வைத்து, அதன் நான்கு பக்கமும் நாடா போன்ற துண்டுகளைச் சுற்றிச் சுற்றித் தைத்துப் பெரிதாக்கும் இந்தக் கட்ட முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மிகவும் பரவியிருந்த ஒன்று. மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டும் குடிசையின் பெயரையே அங்கு இதற்கு வைத்திருக்கிறார்கள்; நடுச் சதுரம் அடுப்பு என்பதால் அதைச் சிவப்பில் வைப்பது வழக்கம் என்றும் சொல்வார்கள். இதை நான் வகுப்பில் சொன்னதும், "அப்ப இது நம்ம காம்பராதானே" என்று, தோட்டத்து லயன் எனும் தொடர்வீட்டின் ஒற்றை அறையைச் சொல்லி, இந்த அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். தம் தாயாரின் கூறைச்சேலையில் மிஞ்சியிருந்த சிவப்புக் கரையை 35 சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒன்றாக வைத்தார். ஒரு பக்கம் வெளிர் நிறம், மறுபக்கம் அடர் நிறம் என்று துண்டுகள் போவதால், அகலத்துக்கு ஐந்தும் நீளத்துக்கு ஏழுமாகக் கட்டங்களை இணைத்தபோது, வெயிலும் நிழலும் சரிவாக விழுந்த லயன் வரிசைகளைப் போன்ற தோற்றம் வந்தது. அடர் பக்கத்துக்கு அவர் எடுத்தது கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கின் நிறத்திலிருந்த ஒரு தவிட்டுத் துணி. நான் கருநீலம் எடுக்கச் சொன்னேன், அவர் கேட்கவில்லை, கேட்காதது நல்லதாயிற்று.

க.பொ.த. சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த ஒரு பிள்ளையின் போர்வை இதற்கு நேரெதிர். அதில் கட்டமே கிடையாது. பல பச்சைகளை நீள்வாட்டில் ஒட்டி, மேலிருந்து கீழாக வளைந்து வளைந்து நூலோட்டியிருக்கிறாள். எட்டி நின்று பார்த்தால் மலைச்சரிவைச் சுற்றிவரும் தேயிலை நிரைகள், கிட்டப்போனால் மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி என்ற மூன்று அடுக்குகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் வெறும் ஓடுதையல். அழகுக்கும் பிடிமானத்துக்கும் ஒரே தையல் போதும் என்பதை எந்தப் புத்தகமும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கீழ்க்கரையில் பச்சை முடிந்துபோனதால் ஒரு சாண் அகலத்துக்கு மண்ணிறத்தை வைத்துவிட்டாள். பார்த்த ஒருவர் "தேயிலை பிடுங்கின இடமா?" என்று கேட்டார். அவளும் ஆமென்று சொல்லிவிட்டாள்.

மூன்றாவது, தன் இரு பிள்ளைகளின் பழைய பாடசாலைச் சீருடைகளில் ஓர் இளந்தாய் தைத்தது. முழுவதும் வெள்ளை. வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை இருக்கிறது என்பதை நான் அன்றுதான் கண்டேன்: நீலம் கூடிய வெள்ளை, சவர்க்காரத்தில் மஞ்சளித்த வெள்ளை, முழங்கால் பட்ட இடத்தில் நூல் தேய்ந்து கண்ணாடி போலான வெள்ளை, சட்டைப் பையைப் பிரித்தெடுத்த இடத்தில் மட்டும் புதிதாகவே இருக்கும் வெள்ளை. அந்தப் பைச் சுவட்டை மறைக்காமல் போர்வையின் நடுவுக்கே கொண்டுவந்திருக்கிறார். தங்கள் படத்தில் இப்போர்வை இல்லை. வெள்ளை என்பதால் புகைப்படத்துக்கு எடுபடாது என்று விட்டிருக்கலாம்.

வகுப்பில் ஆகச் சீரான கைத்தையல், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயாவினுடையது. அங்குலத்துக்கு எட்டுத் தையல், போர்வையின் மறுபுறத்திலும் அதே எட்டு. பெண்கள் இதைச் சொல்லி என்னிடம் இன்னும் சண்டைக்கு வருகிறார்கள்.

இவற்றில் உள்ள கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. துண்டுகளை இணைக்கும்போது ஓரத்தில் விடும் தையல் இடம் கால் அங்குலம். ஒருவர் அதைவிட அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு மட்டும் கூடுதலாகப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு வரிசையில் பன்னிரண்டு துண்டுகள் இருந்தால், பதினொரு இணைப்பிலும் இரண்டு பக்கமும் அது கூடிக்கூடி, வரிசை ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேல் குறைந்துபோகும். அடுத்த வரிசையோடு அது சேரவே சேராது. சாய்வாக வெட்டிய துணி இழுபட்டு அலையடிக்கும். மேல்துணி, நடுவில் பழைய கம்பளி, அடித்துணி என மூன்றையும் விரித்துத் தற்காலிகத் தையல் போடும்போது ஒரு சுருக்கம் உள்ளே நின்றுவிட்டால், முழுவதையும் பிரிக்கவேண்டியதுதான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள் இந்தப் பின்னக் கணக்கைத் துணியில் போட்டு முடித்திருக்கிறார்கள். இதைக் "கைப்பழக்கம்" என்று பாராட்டிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை.

போர்வை என்பது நம் பக்கத்தில் அலங்காரப் பொருளும் அல்ல. தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படியும் விடிகாலைகளில், தகரக் கூரையின் கீழ் ஒரே காம்பராவில் படுத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். தோட்டம் கம்பளியைக் கொடுத்துவிட்டு அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட காலத்தை என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கம்பளியின் மிச்சங்கள்தான் எங்கள் போர்வைகள் சிலவற்றின் நடு அடுக்கு.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர் உண்டு. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலையுடுப்புகளை ஒட்டித் தங்கள் பிள்ளைகளின் குளிருக்காகத் தைத்த போர்வைகள், 2002இல் ஹூஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில், தைத்தவர்களின் பெயர்களோடு சுவரில் தொங்கின. 2006இல் அவற்றுள் பத்து அந்நாட்டின் தபால் முத்திரைகளாக வெளிவந்தன. பெயர் வந்தால் எல்லாம் வந்துவிடும் என்றும் நான் எண்ணவில்லை. வருமானத்தில் தங்களுக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று அவர்களுள் சிலர் 2007இல் நீதிமன்றம் போகவேண்டியிருந்தது. ஆனால் வழக்குப் போடுவதற்கும் இன்ன போர்வை இன்னாருடையது என்று எங்காவது எழுதப்பட்டிருக்கவேண்டும் அல்லவா?

விலைப் பேச்சும் பெயரிலிருந்துதான் தொடங்குகிறது. கண்காட்சிக்கு வந்த ஒரு கனவான் காம்பராப் போர்வைக்கு 2500 ரூபா தருவதாகச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அந்தப் போர்வைக்குக் கைத்தையல் மட்டும் 80 மணித்தியாலத்துக்குக் குறையாது. எட்டு மணித்தியாலத்தை ஒரு நாளாகக் கொண்டால் அது பத்து நாள் வேலை. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபா நாட்சம்பளத்தையே, அதன்பின் கூடியதையெல்லாம் விட்டுவிட்டு, அளவாக எடுத்தாலும் 13,500 ரூபா வருகிறது. துணிக்கும் நூலுக்கும் வேறு. மலையில் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழும் என்பதை அனுபவித்தவர்கள், தங்கள் போர்வைக்கும் அரைப்பேர் போடப்படுவதை விரும்பவில்லை. அந்த அம்மா விற்கவில்லை. பேத்திக்கு என்று மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதற்குப் பின்பு வகுப்பில் ஒரு வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு போர்வையின் பின்புறத்திலும் கீழ் மூலையில் ஒரு வெள்ளைத் துண்டை வைத்து, தைத்தவர் தம் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் தாமே பின்தையலில் எழுதவேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத இருவருக்கு நான் பென்சிலில் எழுதிக் கொடுத்தேன். நூல் போட்டவர்கள் அவர்களே. தேசிய அருங்கலைகள் பேரவையின் சில்ப அபிமானி போன்ற போட்டிகளுக்கு இவற்றை அனுப்பும் எண்ணமும் உண்டு.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கண்காட்சியில் இடம்பெற்ற போர்வைகளின் விவரத்தையும் தைத்தவர்களின் பெயர்களையும், அவர்கள் ஒவ்வொருவரின் சம்மதத்தையும் பெற்று, தனித்தாளில் இணைத்துள்ளேன். அப்பட்டியலை முன்னைய செய்தி வந்த அதே பக்கத்தில் ஒருமுறை வெளியிட்டுதவுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் தேசிய அடையாள அட்டையிலும் வெவ்வேறாக எழுதப்பட்ட பெயர்கள் சில அதில் உள்ளன. அவரவர் சொன்னபடியே எழுதியிருப்பதால் எழுத்துத் திருத்தம் வேண்டாம். இடம் போதாவிட்டால் என் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளலாம், பட்டியலைச் சுருக்கவேண்டாம். என் பெயர் முன்னைய செய்தியில் வந்துவிட்டபடியால் இக்கடிதத்தின் கீழ் அதை இடாதுவிடுமாறும் கேட்டுக்கொள்கின்றேன்.

இப்படிக்கு,
தையல் ஆசிரியை,
தலவாக்கலை.