வாசகர் வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அன்பர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நடந்த பணிகளைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் ஐப்பசி மழையில் ஒருமுறை தள்ளிப்போனது தவிர ஒழுங்காக நடந்தன. சிறுவர் கதை நேரமும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடைபெற்றன. நூலகத்துக்கு இரும்பு அலமாரி வாங்கப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, ருஷ்ய மொழி, இலக்கிய அறிஞர் திமித்ரி லிகச்சோவின் வாழ்வும் ஆய்வும் பற்றிய தொடர் உரைகள். "வருஷம் முழுக்க ஒரே ருஷ்யப் பேராசிரியரா?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். தொடரை முன்மொழிந்தவன் நான். பதிலைப் பதிவு செய்வதும் என் கடமை.

லிகச்சோவ் 1906இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். மாணவப் பருவத்தில் சில நண்பர்களோடு, நம்முடையதைப் போன்ற ஒரு சிறு வட்டத்தில் சேர்ந்திருந்தார். விளையாட்டாக அதற்கு 'அண்ட அறிவியல் கழகம்' என்று பெயர். புரட்சிக்குப் பின் நீக்கப்பட்ட பழைய எழுத்துமுறையின் மேன்மையைப் பற்றி அங்கே அவர் ஒரு கட்டுரை வாசித்தார். 1928 பிப்ரவரியில் கைது. ஐந்தாண்டுத் தண்டனை. வெண்கடலில் உள்ள சலவெத்ஸ்கி தீவு முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

1929 இலையுதிர்காலத்தில் முகாமில் கூட்டாகச் சுட்டுக்கொல்ல ஆட்களைத் திரட்டினார்கள். அப்போது பெற்றோர் அவரைப் பார்க்க வந்திருந்தனர். தன்னையும் பிடித்துப்போகக் காவலர்கள் தேடி வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், அவசர வேலை என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டு, விறகு அடுக்குக்குள் விடியும்வரை ஒளிந்திருந்தார். சுட வேண்டியவர்களின் எண்ணிக்கையை நிரப்ப அவருக்குப் பதில் வேறொருவர் கொண்டுபோகப்பட்டார். இனி இருவருக்காக வாழ வேண்டும் என்ற எண்ணம் அவரை விட்டு நீங்கவே இல்லை. அவர் உழைப்பின் அளவைப் பார்க்கும்போது அது வெறும் வார்த்தையாக எனக்குத் தோன்றவில்லை.

1932இல் விடுதலையானவருக்குக் கிடைத்தது பிழைதிருத்துநர் வேலை. சோவியத் அறிவியல் கழகப் பதிப்பகத்தில் மொழி அறிஞர் ஷாக்மதொவின் நாளாகம ஆய்வு நூலை அச்சுக்குத் தயார் செய்யும்போதுதான் பழைய ருஷ்ய நாளாகமங்களில், அதாவது ஆண்டுவாரியாக நிகழ்ச்சிகளைக் குறித்துவைத்த வரலாற்று ஏடுகளில், மனம் தோய்ந்தார். 1938இல், அப்போது லெனின்கிராட் என்று பெயர் மாறியிருந்த பீட்டர்ஸ்பர்க்கில், ருஷ்ய இலக்கிய ஆய்வு நிறுவனமான புஷ்கின் இல்லத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படைகள் அந்நகரை முற்றுகையிட்டபோது, கொடும் பசியில் தந்தையை இழந்தார். மனைவியும் இரட்டைப் பெண் குழந்தைகளும் வீட்டில் இருக்க, அந்தப் பசியிலேயே பழைய ருஷ்ய நகரங்களின் தற்காப்பு பற்றி சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து நூல் எழுதினார். அது 1942இல் வெளியானது.

1954 முதல் 1999இல் இறக்கும்வரை புஷ்கின் இல்லத்தின் பழைய ருஷ்ய இலக்கியத் துறைக்கு அவரே தலைவர். 'ஈகரின் படையெழுச்சி' என்ற பழைய ருஷ்யக் காவியத்தின் ஏடு 1812 மாஸ்கோ தீயில் எரிந்துபோனது. அது பிற்காலப் போலி என்று பிரெஞ்சு அறிஞர் மாசோன் முதலியோர் சொன்னபோது, அதன் தொன்மையை நிறுவ ஆண்டுக்கணக்கில் வாதாடினார். பாடபேதங்களை, அதாவது ஒரே நூலின் படிகளுக்கிடையே உள்ள வேறுபாடுகளை, படியெடுத்த எழுத்தரின் பிழைகளாக மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு படியையும் அது எழுதப்பட்ட காலத்தின் சான்றாகப் படிக்க வேண்டும் என்பது 1962இல் வந்த அவருடைய 'மூலபாட ஆய்வியல்' நூலின் சாரம். 1967இல் வந்த 'பழைய ருஷ்ய இலக்கியத்தின் கவிதையியல்' நூலில், அக்கால எழுத்தாளன் கண்ணில் கண்டபடி எழுதவில்லை, இளவரசன் எப்படி நடக்க வேண்டுமோ அந்த ஒழுங்கின்படி எழுதினான் என்கிறார். திணை மரபில் ஊறிய நமக்கு இந்த இடம் சட்டென்று பிடிபட்டது. அன்று நடந்த விவாதம்தான் ஆண்டின் சிறந்த மாலை என்பேன்.

1975இல், அரசை விமர்சித்த சோவியத் இயற்பியலாளர் சகாரொவைக் கண்டிக்கும் கடிதத்தில் கையெழுத்திட மறுத்தார். வீட்டுப் படியில் அடையாளம் தெரியாதவர் அவரைத் தாக்கினார். விலா எலும்பு முறிந்த நிலையிலும், அன்று ஒப்புக்கொண்டிருந்த 'ஈகர்' உரையை நிகழ்த்திவிட்டே ஓய்ந்தார். அடுத்த ஆண்டு அவர் வீட்டுக்குத் தீ வைக்கும் முயற்சியும் நடந்தது.

இதைப் பேசிய மாலையில் அரங்கு முக்கால்வாசி காலி. வருத்தத்தோடுதான் இதைப் பதிவு செய்கிறேன். உடல்நலக் குறைவு, பிள்ளைகளின் தேர்வு, வெளியூர்ப் பயணம் எல்லாம் எனக்கும் தெரியும். வர இயலாதவர்கள் குழுவில் ஒரு வரி போட்டிருந்தால், வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த பேச்சாளரிடம் நான் சமாதானம் சொல்லும் நிலை வந்திருக்காது. தொடர் கடினம் என்ற குறை செயற்குழுவில் சொல்லப்பட்டது. அதைச் சொன்ன அன்பர்கள் ஒரு கூட்டத்துக்காவது வந்திருந்தால் அந்தக் கருத்துக்கு மேலும் மதிப்பு இருந்திருக்கும்.

வரவு செலவைப் பொறுத்தவரை, பொருளாளர் தணிக்கை செய்யப்பட்ட கணக்கைத் தனியே வாசிப்பார். மண்டப வாடகை உயர்ந்ததாலும் பேச்சாளர்களின் பயணச் செலவாலும் கையிருப்பு குறைந்துள்ளது. தொடருக்காக அதிகம் செலவானது என்ற பேச்சு சரியல்ல. செலவின் பெரும்பகுதியை நன்கொடையாளர்கள் ஏற்றார்கள். பற்றாக்குறைக்குக் காரணம் நிலுவைச் சந்தா. சிலருக்கு இது இரண்டாம் ஆண்டு. பெயர்களைப் படிக்க நான் விரும்பவில்லை.

ஆலோசனை தந்த தலைவர், கணக்கைப் பொறுமையாகப் பார்த்த பொருளாளர், நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்த இளைஞர்கள், ருஷ்ய நூல்களிலிருந்து பகுதிகளைத் தமிழாக்கித் தந்த பேராசிரியர் அனைவருக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் நாட்டுப்புறக் கதை ஆய்வாளர் விளாதிமிர் ப்ரோப்பையும், எஸ்தோனியாவின் தார்த்து நகரில் பணியாற்றிய இலக்கிய அறிஞர் யூரி லோத்மனையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு எவரேனும் முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கத் தயார். எவரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஆனால் ஆனி மாதத்துக்குள் நிலுவை வந்து சேராவிட்டால் மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வழியில்லை என்பதைப் பொதுக்குழு மனதில் கொள்ள வேண்டும். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் உள்ளது. பொருளாளர் இரவு எட்டரை வரை அங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்