எங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை வேண்டும்: டிட்கோவுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழக (டிட்கோ) அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோவில்பட்டி பக்கம் நாலாட்டின்புத்தூரில் இருக்கும் பழைய ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர நீங்கள் எடுத்துவரும் முயற்சியை நாளிதழ்களில் படித்து வருகிறேன். தென் மாவட்டத்துக்காரன் என்ற முறையில் சந்தோஷம். தமிழ்நாட்டில் ஓடுதளங்களுக்கா பஞ்சம்? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டவை கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை என்று சும்மா கிடக்கின்றன. சோழவரத்தில் கார் பந்தயமே நடத்தினோம். ஒன்றிலாவது மறுபடி விமானம் ஏறி இறங்கினால் நல்லதுதானே.

ஆனால் அந்தச் செய்திகள் எல்லாவற்றிலும் ஒரே படம்தான் வருகிறது. இருபது வயதுப் பிள்ளைகள், வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, படித்து முடித்தால் ஏர்லைன்ஸ் வேலை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்கப்போவதாக அறிவித்தது. ஜூனில் இன்டிகோ ஒரே மூச்சில் 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அவற்றை ஓட்ட ஆள் வேண்டாமா? நான் எழுதுவது இன்னொரு கூட்டத்துக்காக. நாற்பதைத் தாண்டிய பிறகு, வேலைக்காக இல்லாமல் ஆசைக்காக விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள். எங்களைப் பற்றி உங்கள் திட்டத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த மடல்.

நான் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். வயது 48. பக்கத்து மாநிலம் ஒன்றில் மாணவர் லைசென்ஸ் எடுத்து, பி.பி.எல். எனப்படும் தனியார் விமானி லைசென்ஸுக்காகப் பறந்துகொண்டிருக்கிறேன். அச்சாபீஸ்காரனுக்கு எதுக்கு ஏரோபிளேன் என்று என் மாமியார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சொல்லத் திருப்தியான பதில் என்னிடம் இல்லை. உங்களிடமும் அதை விளக்கப்போவதில்லை.

ஏர்லைன்ஸ் வேலைக்குப் போக சி.பி.எல். எனப்படும் வணிக விமானி லைசென்ஸ் வேண்டும். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் படித்திருக்க வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், முதல் தர மருத்துவச் சான்று வேண்டும். பி.பி.எல்.லுக்குப் பத்தாம் வகுப்பும், இரண்டாம் தர மருத்துவச் சான்றும், குறைந்தபட்சம் 40 மணி நேரமும் போதும். எழுத்துத் தேர்வு, ரேடியோ தேர்வு எல்லாம் இதற்கும் உண்டு. ஏர்லைன்ஸ் விமானி 65 வயதில் இறங்கிவிட வேண்டும்; எங்களுக்கு உடம்பு தேறினால் போதும், மேல் வயது வரம்பு இல்லை. ஆனால் இந்த லைசென்ஸை வைத்து ஒரு ரூபாய் சம்பாதிக்க முடியாது. சொந்தச் செலவில் பறக்கலாம், நண்பரை ஏற்றிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான்.

இது புதுப் பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1920களின் கடைசியில் இந்தியாவில் ஃப்ளையிங் கிளப்புகள் தொடங்கியபோது அவற்றில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆசைக்குப் பறந்தவர்கள்தான். வேலை கொடுக்க அன்றைக்கு ஏது ஏர்லைன்ஸ்? ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் விமானி லைசென்ஸை வாங்கியதும் அப்படி ஒரு கிளப்பில்தான். 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு அவரே ஓட்டி வந்தார்; அந்தத் தபால் பெல்லாரி வழியாகச் சென்னை வரைக்கும் வந்து சேர்ந்தது. ஐம்பது வருஷம் கழித்து, 1982இல், தன் 78ஆம் வயதில் அதே வழியில் ஒரு பழைய லெபர்ட் மாத் விமானத்தை மறுபடியும் ஓட்டி வந்தார். ஜவுளித் தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா 1988இல் லண்டனிலிருந்து இந்தியாவுக்கு மைக்ரோலைட் என்ற மிக லேசான குட்டி விமானத்தில் தனியாகப் பறந்து வந்தபோது அவருக்கு ஐம்பதை நெருங்கிய வயது. ரெண்டு பேரும் கோடீஸ்வரர்கள் என்பீர்கள். சரிதான். அந்தக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது விஷயம். பயிற்சிப் பள்ளி பக்கத்தில் இருப்பது இருபது வயதுப் பையனைவிட எங்களுக்குத்தான் அவசியம்.

அந்தப் பையன் எங்கே பள்ளி இருந்தாலும் போய் ஹாஸ்டலில் தங்கி, வருஷக்கணக்கில் அதே வேலையாக இருந்து முடித்துவிடுவான். அவனுக்குக் கோவில்பட்டியும் ஒன்றுதான், மத்தியப் பிரதேசமும் ஒன்றுதான். எங்களுக்குக் கடை இருக்கிறது, பிள்ளைகளின் பரீட்சை இருக்கிறது, வயதான அப்பா அம்மா இருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைப்பது வார இறுதி மட்டும். சேலம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளி நடத்த 2022இல் விமான நிலைய ஆணையம் இடம் கொடுத்தது. தமிழ்நாட்டுக்குள் என்றாலும் சிவகாசியிலிருந்து அதுவே அரை நாள் பயணம். கோவில்பட்டி என்றால் காரில் ஒரு மணி நேரம். விடிவதற்கு முன் கிளம்பிப் போய்ப் பறந்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

இதை வெறும் வசதி என்று தள்ளிவிட முடியாது. விமானம் ஓட்டுவது கைப்பழக்கம். விட்டுவிட்டுப் பழகினால் ஒட்டாது. எங்கள் வயதில் இன்னும் ஒட்டாது, ஏனென்றால் நாங்கள் வெறும் கையோடு வருவதில்லை, இருபது வருஷக் கார் பழக்கத்தோடு வருகிறோம். தரையில் விமானத்தைத் திருப்புவது காலால், ரட்டர் மிதியை அழுத்தி. முன்னால் இருக்கும் கைப்பிடியைத் திருகினால் தரையில் அது ஒரு பக்கமும் போகாது. இது முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவதுதான், மூளைக்கும் தெரியும். ஆனாலும் ஓடுபாதைக்குப் போகும் டாக்ஸிவேயில் வளைவு வந்தால் கை தானாகத் திரும்பும், கால் சும்மா இருக்கும். என் இன்ஸ்ட்ரக்டருக்கு என் மூத்த மகனைவிட ரெண்டு வயதுதான் கூட. "சார், கையை மடியில வைங்க" என்பார். கார் ஓட்டத் தெரியாத பதினேழு வயதுப் பெண்ணுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

அப்புறம் கண்ணாடி. எனக்கு மருத்துவச் சான்று தரும்போதே, கண்ணாடி போட்டுத்தான் பறக்க வேண்டும், மாற்றுக் கண்ணாடி ஒன்றும் கையில் இருக்க வேண்டும் என்று எழுதித்தான் கொடுத்தார்கள். என்னுடையது கிட்டப் பார்வையும் தூரப் பார்வையும் ஒன்றாகச் சேர்ந்த லென்ஸ். கீழ்ப்பாதியில் வேகமானி தெளிவாகத் தெரியும், மேல்பாதியில் ஓடுபாதை. இறங்குகிற கடைசி சில விநாடிகளில் பார்வை ஓடுபாதையின் அந்தக் கோடியில் இருக்க வேண்டும். அங்கே பார்த்தால்தான் தரை எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்று கண்ணோரத்தில் பிடிபடும். கண் பழைய பழக்கத்தில் கீழே வேகமானிக்கு இறங்கினால் கணக்கு தப்பும். மூக்கைச் சீக்கிரம் தூக்கிவிடுவோம், விமானம் கொஞ்சம் மிதந்துவிட்டுத் தொப்பென்று உட்காரும். இதைச் சரிசெய்ய ஒரே வழி வாராவாரம் பத்து முறை ஏறி இறங்குவது. ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறிப் போகிறவன் ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்துக்கு நாலு படி கீழேயிருந்து தொடங்குகிறான். பணமும் கரைகிறது. லைசென்ஸ் வாங்கிய பிறகும் இதே கதைதான். அரிதாகப் பறக்கும் பொழுதுபோக்கு விமானியைவிட அடிக்கடி பறப்பவன் பாதுகாப்பானவன். ஆகவே பாதுகாப்பை முன்னிட்டு எங்களை ஒதுக்குவதாக யாராவது சொன்னால், அதே பாதுகாப்பை முன்னிட்டுத்தான் பக்கத்தில் இடம் கேட்கிறோம் என்பது என் பதில்.

பள்ளி நடத்தப்போகும் நிறுவனத்தோடு நீங்கள் போடும் ஒப்பந்தத்தில் சில வரிகளைச் சேருங்கள் என்பதுதான் கோரிக்கை. முக்கியமானது, சனி ஞாயிறு காலை நேரத்தில் ஒரு விமானமாவது பி.பி.எல். மாணவர்களுக்கும் ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லையென்றால் நடக்காது. சி.பி.எல். மாணவர்களின் மணிக்கணக்கு பாக்கி இருக்கும்வரை எங்களைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். ஒரு விமானம் பராமரிப்புக்குப் போனால் முதலில் அடிபடுவது எங்கள் பெயர்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கணக்கு அப்படி.

அடுத்தது பணம். நான் சேர்ந்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். பிறகு உதிரிபாகம் வரவில்லை, இன்ஸ்ட்ரக்டர் ஏர்லைன்ஸுக்குப் போய்விட்டார் என்று மாதங்கள் ஓடின. போன் எடுக்கும் ஆள் மாறிக்கொண்டே இருந்தார். பணத்தைத் திரும்பக் கேட்டால் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். பொடி எழுத்து அச்சடிப்பது என் தொழில், எனக்கே அதைப் படிக்கக் கஷ்டமாக இருந்தது. உங்கள் பள்ளியிலாவது பறந்த மணிக்குப் பணம் என்று இருக்கட்டும். சின்ன முன்பணம் வாங்கிக்கொள்ளட்டும், ஆட்சேபம் இல்லை.

இன்னொன்று, பாட வகுப்பு. தேர்வு ஆங்கிலத்தில், ரேடியோவில் பேசுவதும் ஆங்கிலத்தில். அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் காற்றழுத்தம் குறைந்தால் உயரமானி ஏன் பொய் சொல்லும், வெயில் ஏறினால் இறக்கையின் தூக்குவிசை ஏன் குறையும் என்பதையெல்லாம் தமிழில் ஒருமுறை விளக்கிவிட்டால் பாதி மனப்பாடம் மிச்சம். கோவில்பட்டி வெயிலில் இது ஏட்டுப் பாடமும் இல்லை. பயிற்சிக்கு ஓட்டும் செஸ்னா 172 என்ற சின்ன விமானம் முழு எடையில்கூட 1,157 கிலோதான், இன்னோவா காரைவிட லேசு. கடல் மட்டத்தில், மிதமான வெப்பத்தில், 300 மீட்டருக்குள் தரையை விட்டுவிடும் என்று கையேடு சொல்கிறது. சித்திரை மாத மத்தியானம் அந்தக் கணக்கு செல்லாது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது உள்ளூர்க்காரன் சொன்னால்தான் தெரியும். கயத்தாறைச் சுற்றிக் காற்றாலைகள் ஏன் அவ்வளவு நிற்கின்றன? தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்கள் வழியாகப் பாய்ந்து வந்து அந்தக் கரிசல் காட்டில் அடிப்பதால்தான். செஸ்னா 172இன் கையேடு 15 நாட் பக்கக் காற்றில், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில், இறக்கிக் காட்டியதாகச் சொல்கிறது. மாணவனுக்கு வைக்கும் வரம்பு அதைவிடக் குறைவு. அம்மியே பறக்கும் ஆடியில் பகல் முழுக்கப் பயிற்சி நடக்கும் என்று யாராவது உங்களிடம் அட்டவணை காட்டினால் நம்பாதீர்கள். அந்த மாதங்களில் காற்று எழும்புவதற்கு முந்தைய விடிகாலைதான் எல்லோருக்கும் வேண்டியிருக்கும், எங்களுக்கும் அதுதான். அதனால்தான் முதலிலேயே எழுதி வைக்கச் சொல்கிறேன்.

பணக்காரன் விளையாட்டுக்கு அரசு ஏன் இடம் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். செலவு பிடிக்கும் பொழுதுபோக்குதான், மறைக்கவில்லை. லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் நல்ல காரின் விலை போய்விடும், 40 மணி நேரத்தில் எங்கள் வயதுக்காரர்கள் முடிப்பதும் அபூர்வம். இருந்தாலும் நாங்கள் மானியம் கேட்கவில்லை. எரிபொருள், விமான வாடகை, இன்ஸ்ட்ரக்டர் சம்பளம் எல்லாவற்றுக்கும் முழுக் காசு கொடுக்கிறோம். பள்ளிக்கும் அது வருமானம். ஏர்லைன்ஸ்கள் ஆள் எடுப்பதை நிறுத்தும் வருஷங்களில் சேர்க்கை விழும். கொரோனாக் காலத்தில் விமானிகள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம். எங்கள் வருகை அந்த ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது இல்லை. வேலை கிடைக்குமா என்று நாங்கள் கேட்பதே இல்லையே.

கூட்டம் எவ்வளவு சேரும் என்று கேட்பீர்கள். ஆயிரக்கணக்கில் வராது. ஆனால் சாத்தூர், விருதுநகர், ராஜபாளையம், தூத்துக்குடி, திருநெல்வேலி எல்லாம் காரில் எட்டும் தூரம். டாக்டர்கள், மில்காரர்கள், வெளிநாட்டில் லைசென்ஸ் எடுத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் என்று விசாரிக்கிறவர்களை நானே அறிவேன். லைசென்ஸ் வைத்துக்கொண்டு பறக்க இடமில்லாமல் அதைக் காலாவதியாக விட்டவர்களும் இருக்கிறார்கள். சொந்தமாகச் சின்ன விமானம் வாங்கலாமா என்று யோசிக்கும் ஒருவர், வாங்கினால் எங்கே நிறுத்துவது என்ற கேள்வியிலேயே நிற்கிறார். விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கரில் வாடகைக்கு ரெண்டு இடம் ஒதுக்க முடியுமானால் அதையும் பாருங்கள்.

ஒப்பந்தத்தை இறுதி செய்வதற்கு முன் கோவில்பட்டியில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் வையுங்கள், எங்களையும் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது. ஒரே ஒரு வேண்டுகோள்: ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வேண்டாம், சிவகாசியில் அது காலண்டர் சீசன், மெஷினை விட்டு என்னால் நகர முடியாது. தை பிறந்த பிறகு எந்த ஞாயிறு என்றாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
சிவகாசி அச்சக உரிமையாளர் ஒருவர்